பூமிக்குப் போன மின்சாரம் எங்கே போகும், சார்?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். ஆனால் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். போன வாரம் நம் ஊர்க் கோவில் வாசலில் நாற்பது பேருக்கு முன்னால் நான் ஒரு தவறான விஷயத்தைச் சொன்னேன். 34 வருடம் பாடம் நடத்தியவன் சொல்கிறான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். சபையில் சொன்னதைச் சபையிலேயே திருத்த வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நம் கோவில் பழைய கொடிமரம் அடியில் செல்லரித்துப் போனது உங்களில் பலருக்குத் தெரியும். புதிய தேக்கு மரம் வந்து இறங்கியிருந்தது. நீளம் 30 அடி. தெற்குத் தெருவில் கிரேனை நிறுத்தி, மதில் சுவருக்கு மேலாகத் தூக்கி, உள்ளே பீடத்தில் இறக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை 9 மணியிலிருந்து ராகு காலம் தொடங்கும் 10.30-க்குள் முகூர்த்தம். தெற்குத் தெருவில் மதிலை ஒட்டித்தான் 11 கே.வி. மின்கம்பி போகிறது. 11,000 வோல்ட்.

இரண்டு நாள் முன்னதாகவே இடம் பார்க்கக் கிரேன் ஆபரேட்டர் வந்தார். வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் யாரென்று தெரிந்தது. 1996-97 பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு, கடைசி பெஞ்ச். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அவன் வகுப்பில் படித்தவர்களுக்கு யாரென்று புரிந்திருக்கும். பத்தாவதில் அறிவியலில் தேறவில்லை. அதன் பிறகு லாரி கிளீனர், டிரைவர், ஹைட்ரா வண்டி, இப்போது 20 டன் கிரேன். இருபது வருட அனுபவம்.

அவன் தெருவை ஒரு முறை நடந்து பார்த்தான். மேலே கம்பியைப் பார்த்தான். பிறகு கமிட்டித் தலைவரிடம், "லைன் கிளியர் வாங்கிக் குடுங்கய்யா. கரண்ட ஆஃப் பண்ணாம நான் பூமைத் தூக்க மாட்டேன்" என்றான்.

தலைவருக்கு அது பிடிக்கவில்லை. விசேஷ நாளில் ஊருக்கே மின்சாரம் இல்லையென்றால் மைக் செட், அன்னதானக் கூடம், மாவு மில் எல்லாம் நிற்கும். "அரை டன் மரம், பத்து நிமிஷ வேலை, இதுக்குப் போயி ஊரையே இருட்டாக்கணுமா?" என்றார். கூட்டத்தில் ஒருவர் என் பக்கம் திரும்பி, "சார் இருக்காரே, அவரக் கேளுங்க" என்றார்.

நான் சொன்னேன்: "கிரேனுக்கு நல்லா ஒரு எர்த் அடிச்சுட்டாப் போதும்ப்பா. தப்பித்தவறிக் கம்பியில பட்டாலும் கரண்ட் நேரா பூமிக்குப் போயிடும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

அவன் என்னை மறுத்துப் பேசவில்லை. எல்லோரும் கலைகிற வரை காத்திருந்து, "சார், ஒரு நிமிஷம்" என்று வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"சார், பத்தாப்புல உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டேன், ஞாபகம் இருக்கா?"

இல்லை என்றேன்.

"பூமிக்குப் போன கரண்ட் எங்க சார் போகும்னு கேட்டேன். பரீட்சைக்கு வராது, உக்காருன்னீங்க. கிளாஸே சிரிச்சுச்சு."

எனக்கு உண்மையிலேயே நினைவில்லை. ஆனால் நான் அப்படிச் சொல்லக்கூடியவன்தான். அப்போது சிலபஸ் முடிக்கிற அவசரம். அதைவிட, அந்தக் கேள்விக்குச் சரியான பதிலை நான் யோசித்திருக்கவில்லை என்பதே உண்மை.

அவன் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வரைந்தான். ஒரு பக்கம் சப் ஸ்டேஷன், மறுபக்கம் கிரேன். பிறகு நான் கணக்குப் போட்டேன். அவன் சொல்ல, ஆசிரியர் கணக்குப் போட்டேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மின்சாரம் பூமிக்குள் போய்க் காணாமல் போவதில்லை. எங்கிருந்து புறப்பட்டதோ அங்கே திரும்பியாக வேண்டும். 11 கே.வி. கம்பியிலிருந்து மண்ணில் இறங்கும் மின்சாரம், மண் வழியாகவே சப் ஸ்டேஷன் டிரான்ஸ்பார்மரின் எர்த் செய்யப்பட்ட நியூட்ரலுக்குத் திரும்புகிறது. அந்த வழியில் மண்ணுக்கு மின்தடை உண்டு. நம் செம்மண்ணில் ஒற்றைக் கம்பி அடித்து 20 ஓம் கிடைத்தாலே பெரிது. மற்ற பாதைக்கெல்லாம் சேர்த்து 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 11 கே.வி. என்பது இரண்டு கம்பிகளுக்கு இடையில். ஒரு கம்பிக்கும் பூமிக்கும் இடையில் சுமார் 6,350 வோல்ட். 22 ஓமால் வகுத்தால் ஏறக்குறைய 289 ஆம்பியர். அந்த 289 ஆம்பியர் கிரேனின் எர்த் கம்பி வழியாக இறங்கும்போது, 20 ஓமால் பெருக்குங்கள். ஏறக்குறைய 5,800 வோல்ட்.

அதாவது, "நல்லா எர்த் அடித்த" கிரேனின் இரும்பு உடம்பு முழுக்க 5,800 வோல்ட் நிற்கும். வீட்டு பிளக்கில் இருப்பது 230. கிரேனைத் தொட்டுக்கொண்டு தரையில் நிற்கிற ஹெல்ப்பர், தொங்கும் மரத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள், இவர்களுடைய உடம்பு அந்த 5,800 வோல்ட்டுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும். ஒரு மனித இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்க வைக்க ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை.

வீட்டில் எர்த் காப்பாற்றுகிறதே என்று கேட்பீர்கள். அங்கே மின்னழுத்தம் குறைவு. கசிவு வந்த நொடியில் துண்டிக்க டிரிப்பர் இருக்கிறது. அதே நம்பிக்கையை அப்படியே 11 கே.வி.க்குக் கொண்டுபோனதுதான் நான் செய்த தவறு. சப் ஸ்டேஷனிலும் பிரேக்கர் உண்டு. ஆனால் மண்ணின் தடை அதிகமாக இருந்தால் அது உடனே விழும் என்று உத்தரவாதமில்லை. விழுந்தாலும், சிறு நேரத்தில் மறுபடி சார்ஜ் செய்து பார்ப்பார்கள். ஒருமுறை தீப்பொறி பறந்து நின்றுவிட்டது என்பதற்காகக் கரண்ட் போய்விட்டது என்று கிட்டே ஓடக்கூடாது.

கிரேனைத் தொடாமல் பக்கத்தில் நிற்பவனுக்கும் ஆபத்து உண்டு. குளத்தில் கல் எறிந்தால் வளையம் வளையமாக அலை போவதுபோல, மின்சாரம் இறங்கிய இடத்தைச் சுற்றி மின்னழுத்தம் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். ஒரு கால் ஒரு வளையத்திலும் மறு கால் இன்னொரு வளையத்திலும் இருந்தால், ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்கிவிடும். மழைக்காலத்தில் அறுந்து விழுந்த கம்பிக்குப் பக்கத்தில் முதலில் மாடுகள் சாவதைப் பார்த்திருப்பீர்கள். மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம். காரணம் அதுதான்.

"அப்ப எர்த் எதுக்குடா?" என்று கேட்டேன்.

அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. பெரிய டவர் லைனுக்குப் பக்கத்திலோ, ரேடியோ டிரான்ஸ்மிட்டருக்குப் பக்கத்திலோ வேலை செய்தால், எதையும் தொடாமலேயே கிரேனில் மின்னூட்டம் ஏறும். டயர் ரப்பர். கால்களுக்கு அடியில் வைப்பது மரக்கட்டையோ பிளாஸ்டிக் தட்டோ. ஏறிய மின்னூட்டம் இறங்க வழியில்லை. கொக்கியைப் பிடிக்கப் போகிறவனுக்குச் சுரீரென்று அடிக்கும். அந்த அடி ஆளைக் கொல்லாவிட்டாலும், உயரத்தில் நிற்பவன் அந்த உதறலில் கீழே விழுந்துவிடுவான். அதற்குத்தான் எர்த். கிரேன் கையேட்டில் இருப்பதை அவன் மனப்பாடமாகச் சொன்னான்: 2 மீட்டர் இரும்புக் கம்பியில் ஒன்றரை மீட்டராவது மண்ணுக்குள் இறங்க வேண்டும், சுற்றிலும் தண்ணீர் ஊற்றி ஈரமாக்க வேண்டும், 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கேபிள்.

"எர்த் சின்ன கரண்டுக்கு சார். பெரிய கரண்டுக்கு மருந்து தூரம் ஒண்ணுதான். இல்லேன்னா ஆஃப் பண்ணணும்" என்றான். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதியில் 50 கே.வி. வரையிலான கம்பிக்கே 10 அடி, அதாவது 3 மீட்டர் விலகி நிற்கச் சொல்கிறார்கள். நம் தெற்குத் தெருவில் மரத்தைச் சுவருக்கு மேல் திருப்பும்போது ஐந்தடிகூட மிஞ்சாது.

அப்போதுதான் எனக்குக் களிமேடு நினைவுக்கு வந்தது. 2022 ஏப்ரல் 27, தஞ்சாவூருக்குப் பக்கத்தில், அதிகாலையில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் போனார்கள். அதில் சின்னப் பிள்ளைகளும் உண்டு. அன்றைக்குத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து, "கம்பி இருக்கிற தெருவில் ஒரு அரை மணி நேரம் ஆஃப் பண்ணக்கூடாதா?" என்று கேட்டவன் நான். என் ஊரில், என் கண் முன்னால் அதே கேள்வி வந்தபோது வேண்டாம் என்று சொன்னவனும் நான்.

அன்று சாயங்காலமே தலைவர் வீட்டுக்குப் போய், "நான் சொன்னது தப்பு, அவன் சொல்றதுதான் சரி" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் மறுநாளே மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை கிரேன் எட்டு மணிக்கே வந்துவிட்டது. லைன்மேன் வர 10 மணி ஆனது. கூட்டத்தில் முணுமுணுப்பு. "முகூர்த்தம் போகுதே" என்று இரண்டு மூன்று பேர் அவனிடம் சத்தம் போட்டார்கள். அவன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. லைன்மேன் லைனை ஆஃப் செய்து, கரண்ட் இல்லையென்று சோதித்து, இரண்டு பக்கமும் கம்பிகளை எர்த் ராடு போட்டு இணைத்த பிறகு, அந்தச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினான். கவனியுங்கள், எர்த்துக்குச் சரியான இடம் அங்கே இருக்கிறது. ஆஃப் செய்த கம்பிக்கு எர்த். யாராவது தெரியாமல் ஸ்விட்சைப் போட்டாலும், எந்த வீட்டு ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ பின்னாலிருந்து அனுப்பினாலும், வேலை செய்பவன் தப்பிப்பான்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவன் அவுட்ரிகர் கால்களை நீட்டுவதற்கு முன்னால் தெருவில் நின்றவர்களைப் பார்த்து, "இந்த எடத்துல முன்னாடி என்னங்க இருந்துச்சு?" என்று கேட்டான். தெருதான் இருந்தது என்றார்கள். அவன் விடவில்லை. "வயசானவங்க யாராச்சும் சொல்லுங்க" என்றான்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த மேலவீட்டு அப்பத்தா, "அந்தா நீ கால் வைக்கப் போறியே, அதுக்கு அடியிலதான் கோவில் கேணி கிடந்துச்சு. நான் வாக்கப்பட்டு வந்த வருசம் தண்ணி எடுத்திருக்கேன். அப்புறம் குப்பையும் மண்ணும் போட்டுத் தூத்துட்டாக" என்றது.

இந்த ஊரில் பிறந்து 68 வருடம் ஆகிறது. எனக்கு அந்தக் கேணி தெரியாது.

அவன் கடப்பாரையை வாங்கிக் குத்திப் பார்த்தான். மூன்றே குத்தில் அரை கடப்பாரை இறங்கியது. ஒன்றும் பேசாமல் வண்டியை நாலு மீட்டர் கிழக்கே தள்ளினான். மறுபடி நான்கு இடத்திலும் குத்திப் பார்த்தான். தரை கெட்டி. ஒவ்வொரு காலுக்கும் அடியில் கனத்த கட்டைகளைச் சேர்த்து மெத்தைபோல அடுக்கினான்.

இதிலும் கணக்கு இருக்கிறது. "அரை டன் மரம்தானே" என்று நாங்கள் மரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். கிரேனின் சொந்த எடை 24 டன். பூமை ஒரு காலுக்கு மேலாகத் திருப்பும்போது எடையின் பெரும்பகுதி அந்த ஒற்றைக் காலில் போய் நிற்கும். 12 டன் என்றே வைப்போம். காலின் இரும்புத் தட்டு 40 செ.மீ.க்கு 40 செ.மீ. பரப்பு 0.16 சதுர மீட்டர். அழுத்தம் சதுர மீட்டருக்கு 75 டன். அதே காலுக்கு அடியில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டை மெத்தை போட்டால் 12 டன். விசை மாறவில்லை, பரப்பு மாறியிருக்கிறது. சேற்று வயலில் கால் முழங்கால் வரை புதையும். அதே ஆள் பரம்புப் பலகையில் ஏறி நின்றால் புதைவதில்லை. இதை வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

கால் புதைந்தால் வண்டி கவிழும் என்பது மட்டுமில்லை. கால்களுக்கு இடையே 5 மீட்டர் அகலம். ஒரு கால் 10 செ.மீ. இறங்கினால், 20 மீட்டர் உயரத்தில் இருக்கும் பூம் உச்சி 40 செ.மீ. பக்கவாட்டில் நகரும். வடிவொத்த முக்கோணம். கீழே ஒரு சாண் இறங்குவதற்குள் மேலே கம்பிக்கு இருந்த இடைவெளி காணாமல் போய்விடும். மின்சாரம் ஒரு பாடம், நிலைப்பு ஒரு பாடம் என்று நாம் தனித்தனியாக நடத்துகிறோம். தெருவில் இரண்டும் ஒன்றாகத்தான் வருகின்றன.

ஆபரேட்டர் அறையில் ஒட்டியிருந்த லோடு சார்ட்டையும் காட்டினான். வண்டியில் 20 டன் என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அது 3 மீட்டர் தூரத்தில் தூக்கும்போது மட்டும். நாங்கள் தூக்க வேண்டிய 11 மீட்டர் தூரத்தில் அது மூன்றரை டன் கிரேன்தான். பூமை நீட்ட நீட்ட அதன் சொந்த எடையும் கவிழ்க்கிற பக்கம் போய்ச் சேர்ந்துகொள்கிறது. அந்த அட்டையில் உள்ள எந்த எண்ணும் வண்டி மட்டமாக, கெட்டியான தரையில், கால்கள் முழுதாக நீட்டி நிற்கும்போதுதான் செல்லும்.

2023 ஜனவரி 22 இரவு அரக்கோணம் அருகே கீழ்வீதியில் நடந்ததும் கோவில் விழாதான். சாமிக்கு மாலை போட ஆட்களைக் கிரேனில் தொங்கவிட்டுத் தூக்கினார்கள். கிரேன் கூட்டத்தின் மேல் சாய்ந்தது. நால்வர் இறந்தார்கள். கிரேன் சரக்கைத் தூக்கச் செய்த இயந்திரம். அதில் ஆட்களைத் தொங்கவிடுவதை நம் பக்கத்து ஊர்களிலும் பெருமையாகச் செய்கிறார்கள். இதைப் படிக்கும் உறவினர்களில் மூன்று பேர் விழாக் கமிட்டியில் இருக்கிறீர்கள். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் முகூர்த்தம் போய்விட்டது. குருக்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டி, ராகு காலம் 12-க்கு முடிகிறது, அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார். 12.20-க்கு மரம் தரையை விட்டு எழுந்தது. இரண்டு முனையிலும் நீளமான கயிறு கட்டி, ஆட்களைத் தூரத்தில் நிறுத்தி ஆடாமல் பிடிக்கச் சொன்னான். அடியில் ஒரு குஞ்சு குளுவான் இல்லாமல் விரட்டிவிட்டான். முதலில் ஒரு சாண் மட்டும் தூக்கி நிறுத்தி, இறங்கிப் போய் நான்கு கால்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு 14 நிமிடம். மரம் பீடத்தில் போய் உட்கார்ந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். தலைவர் அவனுக்குத் துண்டு போர்த்தினார்.

அன்னதானத்தில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவன் தயங்கினான். "அந்தக் கேள்வியை அன்னைக்கு நான் கேலி பண்ணியிருக்கக் கூடாதுப்பா" என்றேன்.

"விடுங்க சார். அதனாலதான் மறக்கல" என்று சொல்லிவிட்டு ரசம் வாங்கிக்கொண்டான். அவன் பெருந்தன்மையாகச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிச்சல் வரவில்லை.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள் முப்பது பேருக்கு மேல் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். கடைசி பெஞ்சிலிருந்து வரும் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால், தெரியவில்லை, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

மற்ற எல்லோரும் மனதில் வைக்க வேண்டியவை, சுருக்கமாக:

ஊரில் கிரேனோ, போர் வண்டியோ, கான்கிரீட் பம்போ, உயரமான சப்பரமோ வந்தால் முதலில் தலைக்கு மேலே பாருங்கள். கம்பி இருந்தால் மின்வாரியத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஆஃப் செய்யச் சொல்லுங்கள். எர்த் அடித்துவிட்டோம், டயர் ரப்பர் என்றெல்லாம் யாராவது சொன்னால், அது நானாகவே இருந்தாலும், நம்பாதீர்கள்.

கம்பியில் பட்டுவிட்டால் ஆபரேட்டர் உள்ளேயே இருக்க வேண்டும். முடிந்தால் பூமை மெதுவாகக் கம்பியிலிருந்து விலக்கலாம். தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்து வெளியே குதித்து, சேர்த்த காலோடு தத்தித் தத்தி விலக வேண்டும். வெளியில் இருப்பவர்கள் 10 மீட்டருக்குக் கிட்டே போகக் கூடாது. காப்பாற்றப் போய்ச் செத்தவர்களே இதில் அதிகம் பேசப்பட வேண்டியவர்கள். முதலில் மின்வாரியத்துக்குப் போன்.

தரையைப் பற்றி அந்தத் தெருவிலேயே வயதானவரிடம் கேளுங்கள். கேணி, கழிவுத் தொட்டி, குழாய் பதித்த பள்ளம் எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

கிரேன், மின்வாரிய வேலைகளில் இருக்கும் பிள்ளைகள் நான் எழுதியதில் பிழை இருந்தால் கீழே கருத்தில் திருத்துங்கள். இந்த முறை உட்கார் என்று சொல்ல மாட்டேன்.

கும்பாபிஷேகத் தேதி முடிவானதும் தெரிவிக்கிறேன். வெளியூரில் இருப்பவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும். அப்பத்தாவையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்